மலையேறுவோருக்குப் பாறையையும் காட்டுங்கள்

ஜொகூரில் ஞாயிற்றுக்கிழமை காலை மலையேறக் கிளம்புவது இப்போது சர்வசாதாரணம். குளுவாங்வாசிகளுக்கு லம்பாக், பொந்தியான் பக்கத்தாருக்குப் பூலாய், தங்காக் மக்களுக்கு லேடாங், கோத்தா திங்கிக்காரர்களுக்குப் பந்தியும் முந்தாஹாக்கும். கடற்பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரிலிருந்தும் வேன் பிடித்து வருகிறார்கள். தமிழர்களும் இதில் பின்தங்கவில்லை. கோவில் நண்பர்கள், பள்ளி ஆசிரியர்கள், தொழிற்சாலையில் உடன் வேலை செய்பவர்கள் என்று குழு குழுவாகப் போகிறார்கள். உச்சியில் இருக்கும் பெயர்ப்பலகையைப் பிடித்துக்கொண்டு எடுத்த படம் மதியத்துக்குள் வாட்சாப்பில் வந்துவிடுகிறது.

இந்த மாற்றத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஏறி இறங்குகிற அத்தனை மணி நேரத்திலும் காலுக்கடியில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற பாறை என்ன பாறை, அது எப்படி அங்கே வந்தது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்டாலும் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைப்பது அரிது. ஜொகூரின் மலைப்பாதைகளில் முதலில் தீர்க்க வேண்டிய குறை இதுதான்.

பந்தி மலையையே எடுத்துக்கொள்ளலாம். கோத்தா திங்கியிலிருந்து மெர்சிங் சாலையில் வடக்கே போனால் செம்பனைத் தோட்டங்களுக்குப் பின்னால் அது எழுந்து நிற்கும். உயரம் சுமார் 500 மீட்டர்தான். லேடாங்கின் 1,276 மீட்டரில் பாதிகூட இல்லை. ஆனால் ரகமே வேறு. லேடாங் கருங்கல் மலை. பந்தி மணற்கல் மலை. கூர்மையான சிகரம் கிடையாது. மேற்பகுதி அகலமாக விரிந்திருக்க, விளிம்பிலிருந்து பாறை செங்குத்தாக இறங்கும். மேட்டில் ஏறி மூச்சு வாங்கி நிமிரும்போது மரங்களுக்கு நடுவே ஒரு சுவர் வழிமறித்து நிற்கும். பறவை பார்ப்பவர்களுக்குப் பந்திக் காடு உலக அளவில் தெரிந்த பெயர். பாறை பார்ப்பவர்களுக்கும் அப்படி ஆக வேண்டிய இடம் இது.

அந்தச் சுவரடியில் ஐந்து நிமிடம் நின்று, கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். பாறையின் முகத்தில் படுக்கைவாட்டில் தடித்த கோடுகள் தெரியும். அவற்றுக்கு இடையே, ஒரே பக்கமாகச் சாய்ந்த மெல்லிய கோடுகள் அடுக்கடுக்காக ஓடும். ஆறு மணலைத் தள்ளிக்கொண்டு போனபோது, ஆற்றடி மணல்மேட்டின் முன்சரிவில் மணல் வழிந்து வழிந்து படிந்த தடம் அது. கோடுகள் எந்தப் பக்கம் கீழ்நோக்கிச் சாய்கின்றனவோ அந்தப் பக்கம்தான் தண்ணீர் ஓடியிருக்கிறது. சில அடுக்குகளில் மணலோடு கூழாங்கற்களும் கலந்திருக்கும். கொட்டைப்பாக்கு அளவில் வெங்கச்சங்கற்கள், முனையெல்லாம் மழுங்கி உருண்டவை. அந்த அளவு கல்லை உருட்டி வர, வெள்ளம் பெருக்கெடுத்திருக்க வேண்டும். சிவப்பும் மஞ்சளுமாக வளைந்து வளைந்து தெரிவது இரும்புத் துரு. பாறைக்குள் கசிந்த மழைநீர் ஓரிடத்தில் இரும்பைக் கரைத்து இன்னோரிடத்தில் படியவைத்திருக்கிறது. அந்த இரும்பும், கூடவே படிந்த சிலிக்காவும்தான் மணலைக் கல்லாகக் கட்டிப் பிடித்து வைத்திருக்கின்றன.

புவியியலாளர்கள் இந்தப் பாறைத் தொகுதிக்குப் பந்தி மணற்கல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வயது ஜுராசிக் காலத்தின் முடிவுக்கும் கிரெட்டேசியஸ் காலத்தின் தொடக்கத்துக்கும் இடையில். ஏறத்தாழ 14 கோடி ஆண்டுகளுக்கு முன்னும் பின்னும் என்று வைத்துக்கொள்ளலாம். கடலடியில் படிந்த மணல் இல்லை, நிலத்தின் மேல் ஆறுகள் கொண்டுவந்து கொட்டியது. இன்று மலையுச்சியாக இருப்பது அன்று ஆற்றின் படுகை.

இதற்குப் பச்சையான சாட்சி ஒன்று இருக்கிறது. 1960களில் ஜப்பானியத் தாவரப் படிம ஆய்வாளர் கொன்னோ, மலாயாவின் இந்த வயதுப் பாறைகளில் கிடைத்த இலைப் படிவங்களை ஆராய்ந்தார். அவற்றில் ஒரு பெரணிக்கு இந்த மலையின் பெயரையே வைத்தார்: கிளைக்கனாய்டிஸ் பந்தியென்சிஸ். அந்தப் பெரணியின் உறவுக்காரத் தாவரம் இன்றும் ஜொகூரில் எங்கே பார்த்தாலும் வளர்கிறது. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு ரேசாம் தெரியாமல் இருக்காது. சாலைக்காக வெட்டிவிட்ட செம்மண் மேடுகளில் இடுப்பளவுக்குப் புதராக மண்டிக்கிடக்கும், கிளைக்குக் கிளை இரண்டாகப் பிரியும் பெரணி அது. மனிதன் தோன்றுவதற்கு வெகுகாலத்துக்கு முன்பே இதன் குடும்பம் இதே மண்ணில் இருந்திருக்கிறது என்று பந்தியின் பாறை சொல்கிறது. பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்குமா?

டைனோசர் என்றால் சினிமா என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. 2014 பிப்ரவரியில் மலாயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பஹாங்கில் கிரெட்டேசியஸ் காலப் பாறையிலிருந்து ஸ்பைனோசர் வகையின் பல் ஒன்றைக் கண்டெடுத்ததாக அறிவித்தார்கள். மலேசியாவில் டைனோசர் இருந்ததற்கு உறுதியான முதல் சான்று அது. ஜொகூரின் மணற்கற்களும் கிட்டத்தட்ட அந்தக் காலத்து ஆற்றுப் படிவுகள்தான். இங்கும் அப்படி ஏதாவது கிடைக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. கண்ணைத் திறந்துகொண்டு நடப்பதற்கு அந்தச் சாத்தியம் ஒன்றே போதும்.

வடக்கே எண்டாவ் ரொம்பின் பூங்காவுக்குப் போனால், பாறை காட்டையே ஆளும் விதத்தைக் காணலாம். கஹாங்கிலிருந்து செம்மண் பாதையில் 50 கிலோமீட்டருக்கு மேல் குலுங்கிக் குலுங்கிப் போனால் கம்போங் பெத்தா. ஜாகூன் ஓராங் அஸ்லி மக்களின் ஊர். பூங்காவின் வாசல் அங்கேதான். அதற்கு அப்பால் ஜானிங் மலை. அடிவாரத்தில் வழக்கமான மழைக்காடு. மேலே ஏற ஏற மண் வெளுத்து மணலாகும். காடு சட்டென்று மாறும். ஆளுயரத்துக்கு மேல் விசிறிபோல் விரிந்த ஓலைகளோடு ஒரே வகைப் பனைகள் கண்ணுக்கெட்டும் தூரம் வரை நிற்கும். லிவிஸ்டோனா எண்டாவென்சிஸ் என்ற இந்தப் பனை 1987இல்தான் அறிவியலுக்குப் புதிய இனமாகப் பதிவானது. மணற்கல் கரைந்து உண்டாகும் மண்ணில் சத்து குறைவு, தண்ணீரும் நிற்காது. மற்ற மரங்கள் திணறும் இடத்தில் இந்தப் பனை தழைக்கிறது. மலேசியக் காடுகளில் இப்படிப்பட்ட சத்தற்ற மணற்பாங்கான மேடுகளில்தான் குடுவைச் செடிகளும் பெருகுகின்றன. மண் தராத சத்தைப் பூச்சியிடமிருந்து எடுத்துக்கொள்கின்றன.

இந்தக் காடு இன்று நிற்பதே ஒரு போராட்டத்தால்தான். 1977இல் எண்டாவ் ரொம்பினின் மையப் பகுதியில் மரம் வெட்ட உரிமம் கொடுக்கப்பட்டபோது நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பியது; வெட்டுவது நின்றது. பிறகு 1985-86இல் மலாயா இயற்கைச் சங்கம் ஓராண்டு ஆய்வுப் பயணம் நடத்தி, விஞ்ஞானிகளையும் தொண்டர்களையும் பொதுமக்களையும் காட்டுக்குள் அழைத்துப் போனது. விசிறிப்பனையை உலகம் அறிந்ததும் அந்தப் பயணத்தின் பலன். 1993இல் ஜொகூர் பகுதி தேசியப் பூங்காவானது. காட்டைக் காப்பாற்றியது வேலியும் காவலும் மட்டும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று மக்களுக்குத் தெரியவைத்த வேலைக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. இன்றைய மலைப்பாதைகளுக்கும் அதே வேலையைத்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

பூங்காவுக்குள் ஜாசின் ஆற்றை ஒட்டி நடந்தால் உபே குலிங் அருவி வரும். இங்கே பாறை மணற்கல் இல்லை. அதைவிடப் பழைய எரிமலைப் பாறை. பாறைத்தளம் முழுக்க வட்ட வட்டக் குழிகள். சிலவற்றில் ஓர் ஆள் கழுத்தளவு தண்ணீரில் உட்காரலாம். யாரும் உளி வைத்துக் குடைந்தவை இல்லை. பாறையில் இருந்த சிறு பள்ளத்தில் கூழாங்கல் ஒன்று விழுகிறது. சுழல் அதைச் சுற்றிச் சுற்றி உருட்டுகிறது. கல்லும் தேய்கிறது, குழியும் ஆழமாகிறது. தேய்ந்த கல் போனால் அடுத்த வெள்ளம் வேறு கல்லைக் கொண்டுவந்து போடும். காவிரியைப் பார்த்தவர்களுக்கு ஒகேனக்கல் பாறைகள் நினைவுக்கு வரலாம். இன்னும் மேலே போனால் சுமார் 40 மீட்டர் உயரத்தில் புவாயா சங்குட் அருவி. முதலை ஒன்று பாறைக்கிடையில் மாட்டிக்கொண்டு கல்லானதாக ஜாகூன் மக்கள் கதை சொல்கிறார்கள். வழித்துணையாக வரும் ஜாகூன் இளைஞரிடம் அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டே நடப்பதும் இந்தப் பயணத்தின் பெரிய பேறு.

மணற்கல்லில் இடுக்குகளும் கிடங்குகளும் உண்டாவது வேறு விதம். பாறையில் ஏற்கெனவே செங்குத்தான வெடிப்புகள் உண்டு. தண்ணீர் அதில் இறங்கும், மரவேர் நுழையும், மணலைக் கட்டிப் பிடித்த பசை கொஞ்சம் கொஞ்சமாக விடும். அடியில் மென்மையான களிப்பாறை இருந்தால் அது முதலில் அரித்துப் போய் மேலே இருக்கிற மணற்கல் அந்தரத்தில் நிற்கும். ஒருநாள் உடைந்து விழும். வெடிப்பு அகன்று சந்தாகும், சந்து அகன்று பள்ளத்தாக்காகும். மணற்கல் மலைகளின் அடிவாரத்தில் வீட்டளவு பாறைகள் தாறுமாறாகக் கிடப்பது இதனால்தான். அது முடிந்துபோன கதையும் இல்லை, ஒவ்வொரு மழைக்காலத்திலும் தொடர்கிறது. குளிர்ச்சியாக இருக்கிறதே என்று தொங்குபாறையின் அடியில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பவர்கள் ஒருமுறை தலைக்கு மேலே பார்க்க வேண்டும். புதிதாக உடைந்த பாறையின் நிறம் வெளுத்து, பாசி படியாமல் இருக்கும். அப்படித் தெரிந்தால் அங்கே தங்காமல் நகர்ந்துவிட வேண்டும்.

மணற்கல் பார்ப்பதற்கு உறுதியாகத் தெரிந்தாலும் நோஞ்சான். அதன் வெளித்தோல் வெயிலிலும் மழையிலும் தாதுக்கள் படிந்து இறுகிப்போனது. உள்ளே இருப்பது பொருபொருவென்ற மணல். ஆணியால் ஒரு பெயரைக் கீறினால் அந்தத் தோல் கிழிகிறது. அப்புறம் மழை தானாக மீதி வேலையைச் செய்துவிடும். கீறியவன் காதலித்து, கல்யாணம் முடித்து, பேரன் எடுத்த பிறகும் அந்தக் காயம் பெரிதாகிக்கொண்டுதான் இருக்கும். ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் கயிறு கட்டி இறங்கினால் பாறை விளிம்பில் பள்ளம் விழும். சாயம் பூசிய அம்புக்குறியைக் கழுவப் போனால் சாயத்தோடு பாறையும் உதிரும். கருங்கல்லில் பொறுத்துப்போகும் பழக்கங்கள் மணற்கல்லில் செல்லாது. இந்த வித்தியாசம் மலையேறுபவருக்குத் தெரியவேண்டுமானால், யாராவது அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

விதிகள் இல்லாமல் இல்லை. நிரந்தர வனக்காப்பகத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தால், 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி 10,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மாலிம் குனோங் எனப்படும் மலை வழிகாட்டிகளுக்கும் முறைப்படி பயிற்சி தருகிறார்கள். இந்தக் கண்டிப்பு அவசியமானது என்பதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. 2001 டிசம்பரில் வாமெய் புயல் ஜொகூரைத் தாக்கியபோது பூலாய் மலையிலிருந்து இறங்கிய சேற்று வெள்ளம் ஐந்து உயிர்களைக் குடித்தது. 2021 ஆகஸ்டில் கெடாவின் ஜெராய் மலையில் தலைவெள்ளம் திடீரென்று பாய்ந்து ஆறு பேர் இறந்தார்கள். 2022 டிசம்பரில் பத்தாங்காலி முகாமில் நிலச்சரிவு 31 பேரைப் புதைத்தது. அனுமதி எதற்கு, வழிகாட்டி எதற்கு என்று சலித்துக்கொள்பவர்கள் இவற்றை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் வழிகாட்டியின் வேலை ஆட்களை எண்ணி ஏற்றி, எண்ணி இறக்குவதோடு முடியக் கூடாது. பயிற்சியில் முதலுதவி, கயிறு, திசைகாட்டி ஆகியவற்றோடு பாறையியலும் ஓர் அங்கமாக வேண்டும். படுகை எது, வெடிப்பு எது, எந்தப் பாறை நிற்கும், எது உதிரும் என்று தெரிந்த வழிகாட்டி பாடம் சொல்லும்போதே உயிரையும் காப்பார். பாறையைப் படிக்கத் தெரிவதும் பாதுகாப்பும் இரண்டு தனித்தனி விஷயங்கள் இல்லை. இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. பல்கலைக்கழகப் புவியியல் துறையிலிருந்து ஓர் ஆசிரியர் ஒரு நாள் பாதையில் உடன் நடந்தால் போதும். பத்து வழிகாட்டிகளுக்குக் கண் திறக்கும்.

மலேசியாவிலேயே முன்னுதாரணங்கள் உண்டு. லங்காவியில் கம்பிவட வண்டி ஏறிப்போகும் மச்சின்சாங் மலையும் மணற்கல்தான். நாட்டின் மிகப் பழைய பாறைகளில் ஒன்று, சுமார் 50 கோடி ஆண்டு வயது. அந்தப் பாறைகளை முன்வைத்துத்தான் லங்காவி 2007இல் தென்கிழக்காசியாவின் முதல் யுனெஸ்கோ புவிப்பூங்காவானது. 2023இல் கினபாலுவும் அந்தத் தகுதியைப் பெற்றது. சரவாக்கின் பாக்கோ 1957இலேயே தேசியப் பூங்கா. கடல் குடைந்த அதன் மணற்கல் முகப்புகளைப் பார்க்கவே ஊர் ஊராக வருகிறார்கள். தமிழ்நாட்டில் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையை நினைத்துப் பார்க்கலாம். கடலூர் மணற்கல்லில் கல்லாகிக் கிடக்கும் பெருமரங்களைப் பற்றி 1781இலேயே சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் எழுதினார். இன்று அந்த இடம் தேசியக் கல்மரப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகிறது. வக்கிரகாளியம்மனைக் கும்பிட வருபவர்கள் அப்படியே கல்மரத்தையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பந்திக்கும் ஜானிங்குக்கும் வயதிலோ அழகிலோ என்ன குறை?

விளம்பரம் கொடுத்தால் கூட்டம் கூடும், கூட்டம் கூடினால் குப்பை சேரும், ஆகவே பேசாமல் விடுவதே பாறைக்கு நல்லது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அக்கறையோடு சொல்லப்படும் வாதம், அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் கூட்டம் ஏற்கெனவே வந்துவிட்டது. சமூக ஊடகத்தில் ஒரு படம் போதும், அடுத்த வாரம் இருபது கார்கள் நிற்கும். தெரியாமல் வருகிற கூட்டத்தைவிடத் தெரிந்து வருகிற கூட்டம் பாறைக்கு மேல். நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று வரம்பு வைப்பதும், மென்மையான பகுதிகளைச் சில மாதம் மூடி வைப்பதும் அதனோடு சேர்ந்தே நடக்க வேண்டியவை. காரணம் புரிந்தவர்கள் வரம்பையும் முனகாமல் ஏற்பார்கள்.

ஜொகூர்த் தமிழர்களுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. இந்த மலைகளின் அடிவாரத்துத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டியவர்கள் இவர்களின் பாட்டன் பாட்டிகள். விடியற்காலைப் பனியில் அந்த மலைகளைத் தினமும் பார்த்தார்கள். ஏறிப் பார்க்க நேரமும் வசதியும் வாய்க்கவில்லை. பேரப்பிள்ளைகளுக்கு இன்று இரண்டும் இருக்கின்றன. தமிழ்ப்பள்ளிச் சுற்றுலா என்றால் கேளிக்கைப் பூங்காவும் பேரங்காடியும்தான் என்ற வழக்கத்தை மாற்றலாம். பெத்தாவில் பூங்காவின் இயற்கைக் கல்வி, ஆய்வு மையம் இருக்கிறது. ஆறாம் ஆண்டு மாணவர்களை அங்கே ஓர் இரவு தங்கவைத்தால், அறிவியல் பாடநூலில் ஒரு பக்கத்தில் முடிந்துபோகிற பாறையும் படிமமும் அவர்கள் விரலுக்கே தட்டுப்படும். மாணவர்களை அழைத்துப் போக முடியாத பள்ளி, ஆசிரியர்களையாவது அனுப்பலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இளைஞர் மணிமன்றங்களும் முன்வந்தால் செலவு ஒரு பிரச்சினையாக இராது. பாறைகளைப் பற்றித் தமிழில் நான்கு பக்கக் கையேடு ஒன்றை அச்சிடுவதும் ஒரு சங்கத்தின் ஆண்டு விழாச் செலவில் சிறு பகுதிதான்.

மலையேறப் போகிறவர்களுக்கு: வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். பதிவுபெற்ற வழிகாட்டியோடு போங்கள். பாறை வகையைப் பற்றி அவரிடம் கேளுங்கள். கேட்பவர்கள் கூடினால்தான் அவரும் கற்றுக்கொள்வார். ஆற்று நீர் திடீரென்று கலங்கினாலோ சருகுகளை அடித்துக்கொண்டு வந்தாலோ உடனே மேட்டுக்கு ஏறுங்கள். எந்தக் கல்லையும் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள், எந்தப் பெயரையும் பாறையில் விட்டுவராதீர்கள். எண்டாவ் ரொம்பின் பூங்கா வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வழக்கமாக நவம்பரில் மூடப்படும். பள்ளிப் பயணம் திட்டமிடும் ஆசிரியர்கள் அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பத்தை அனுப்பிவிட வேண்டும்.